அபாதான் 1951: எண்ணெய் நெருக்கடி மாதிரி அமைச்சரவைக்கு மாணவர்களைத் தயார்செய்வது

வெளிநாட்டு எண்ணெய் நிறுவனத்தின் உடைமைகளை ஓர் அரசு தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. நிறுவனத்தின் தாய்நாட்டு அரசு பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவில், மாணவர்கள் அமைச்சர்களாகப் பாத்திரமேற்றுப் பேசும் மாதிரி அமைச்சரவை நடத்த 1938 மெக்சிகோவையும் எடுக்கலாம், 1951 ஈரானையும் எடுக்கலாம். வகுப்புக்குத் தோதானது ஈரான்தான். மார்ச்சில் எண்ணெய் நாட்டுடைமைச் சட்டம் நிறைவேறியதிலிருந்து அக்டோபரில் மீதமிருந்த பிரித்தானிய ஊழியர்கள் எண்ணெய் ஆலை நகரமான அபாதானில் கப்பலேறியது வரை ஏழு மாதத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. லண்டனில் அப்போது இருந்தது தொழிற்கட்சி அரசு. நிலக்கரியையும் ரயிலையும் உருக்கையும் தானே நாட்டுடைமையாக்கிய அரசு. "நாட்டுடைமையே தவறு" என்று அந்த மேசையில் யாரும் வாய் திறக்க முடியாது. மாணவர்களுக்கு இதைவிட நல்ல இக்கட்டு கிடைக்காது.

ஆனால் தயாரிப்பு சரியில்லை என்றால் ஆட்டம் அரைமணியில் படுத்துவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். யாராவது ஒரு மாணவர் "லாபத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம்" என்பார். லண்டன், தெஹ்ரான் இரண்டு அறையும் தலையாட்டும். மீதி நேரம் கைகுலுக்கலில் போய்விடும். 1951-இலும் பாதிப் பங்கு யோசனை மேசைக்கு வந்தது. வந்தும் பேச்சு முறிந்தது. ஏன் முறிந்தது என்பதை மாணவர்கள் தாங்களே முட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி தாள்களையும் பாத்திரங்களையும் அமைப்பதுதான் தயாரிப்பின் வேலை. இங்கே சொல்லப்படுவது 24 மாணவர், மூன்று வாரத் தயாரிப்பு, 90 நிமிட அமர்வு இரண்டு என்ற அளவுக்கானது.

முதல் வாரம்: கணக்குத் தாள்

வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டாம், கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஒரே பக்கத்தில் இவ்வளவு போதும். 1901-இல் வில்லியம் நாக்ஸ் டார்சிக்குக் கிடைத்த 60 ஆண்டு உரிமம், நிகர லாபத்தில் ஈரானுக்கு 16 சதவீதம். 1908-இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய். 1914-இல் அந்த எண்ணெயை எடுத்த ஆங்கிலோ-பெர்சியன் (பின்னாளில் ஆங்கிலோ-ஈரானியன்) எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை பிரித்தானிய அரசே வாங்கியது. 1932-இல் ஈரான் மன்னர் ரெஜா ஷா உரிமத்தை ரத்துசெய்து, 1933-இல் புதிய ஒப்பந்தம் போட்டார்: டன்னுக்கு 4 ஷில்லிங், தங்க மதிப்புக் காப்பு (பவுண்டு சரிந்தாலும் தொகை குறையாதிருக்க), 6,71,250 பவுண்டுக்கு மேல் பங்குதாரருக்குப் போகும் தொகையில் 20 சதவீதம், காலாவதி 1993. கடைசியாக 1950: உற்பத்தி சுமார் 3.2 கோடி டன். ஈரானுக்குக் கிடைத்தது சுமார் 1.6 கோடி பவுண்டு. அதே நிறுவனம் பிரித்தானியக் கருவூலத்துக்குக் கட்டிய வரி சுமார் 5 கோடி பவுண்டு.

இந்தத் தாளை வைத்து மூன்று கேள்வி. டன்னுக்கு 4 ஷில்லிங் என்றால் 1950-க்கு எவ்வளவு? 12.8 கோடி ஷில்லிங், அதாவது 64 லட்சம் பவுண்டு. 1933 ஒப்பந்தத்தைத் திருத்த முன்வைக்கப்பட்ட 1949-இன் துணை ஒப்பந்தம் சொன்ன 6 ஷில்லிங் என்றால்? 96 லட்சம். அப்படியானால் 1.6 கோடி எங்கிருந்து வந்தது? மீதி தங்கக் காப்பு, வரிக்கு ஈடான தொகை, ஈவுத்தொகைப் பங்கு ஆகியவற்றிலிருந்து வந்தது.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. அந்தக் காலப் பவுண்டுக்கு 20 ஷில்லிங். மாணவர்கள் கைப்பழக்கத்தில் 100-ஆல் வகுத்து 12.8 லட்சம் என்றோ, ஒரு பூஜ்யம் தவறி 1.28 கோடி என்றோ எழுதிவிடுவார்கள். இரண்டாவது பிழை 1.6 கோடிக்குப் பக்கத்தில் நிற்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. "ராயல்டியே கிட்டத்தட்ட முழு வரவு" என்ற தப்பான எண்ணத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போய்விடுவார்கள். விடைத்தாளைத் திருத்திக் கையில் கொடுத்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் கிளறினால்தான் விஷயம் பிடிபடும். ஈவுத்தொகை எவ்வளவு என்பதை முடிவுசெய்வது லண்டனிலுள்ள இயக்குநர் குழு. போருக்குப் பின் ஈவுத்தொகையை உயர்த்தக் கூடாது என்று நெருக்கியது பிரித்தானிய அரசு. பங்கு பிரிப்பதற்கு முன்பே வரியைப் பிடித்துக்கொள்வதும் அதே அரசு. ஆக, லண்டனின் உள்நாட்டுப் பொருளாதாரக் கொள்கை கொஞ்சம் இறுகினாலும் தெஹ்ரானின் வருமானம் சுருங்கும். தெஹ்ரானுக்கு அதில் பேச இடமில்லை. இதைக் கண்டுபிடித்த மாணவர் "எத்தனை சதவீதம்" என்பதை விட்டுவிட்டு "கணக்குப் புத்தகம் யாரிடம்" என்று கேட்க ஆரம்பிப்பார். அந்தக் கேள்வி முதல் வாரமே வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

துணை ஒப்பந்தத்தை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. அது நிறைவேறியிருந்தால் 1948-க்கான ஈரானின் வரவு ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கும். அப்படியும் ஈரானிய நாடாளுமன்றமான மஜ்லிஸின் எண்ணெய்க் குழு, 1951-இல் பிரதமரான மொசாதெக்கின் தலைமையில், 1950 நவம்பரில் அதை நிராகரித்தது. அடுத்த மாதமே சவுதி அரேபியாவில் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான அராம்கோ பாதிக்குப் பாதி ஒப்பந்தம் போட்டது; 6 ஷில்லிங் பழங்கதையாகிவிட்டது. சவுதிக்குப் போன கூடுதல் தொகையை அமெரிக்க வருமான வரியில் கழித்துக்கொள்ள அராம்கோவுக்கு வழி இருந்தது என்பதையும் தாளின் ஓரத்தில் குறித்துவிடுங்கள். பளுவைச் சுமந்தது அமெரிக்கக் கருவூலம். லண்டன் அறையில் நிதியமைச்சராக இருப்பவர் இந்த ஒரு வரியை நெடுநேரம் உற்றுப் பார்ப்பார்.

இரண்டாம் வாரம்: பாத்திர அட்டைகள்

லண்டனுக்கு 9 பேர், தெஹ்ரானுக்கு 9, வாஷிங்டனுக்கு 3, ஆட்டத்தை நடத்தும் கட்டுப்பாட்டு மேசைக்கு 3. ஒவ்வோர் அட்டையிலும் நான்கு பகுதிகள் போதும்: உங்களுக்குத் தெரிந்தது, உங்களால் கையெழுத்திடக்கூடியது, கையெழுத்திடவே முடியாதது, மீறினால் உங்கள் நாற்காலிக்கு என்ன ஆகும். குண நலன், வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் வேண்டாம். அவற்றைப் படித்துவிட்டு மாணவர்கள் நடிக்கத் தொடங்குவார்கள். குறிப்பாக மொசாதெக்: படுக்கையிலிருந்தபடியே தூதர்களைச் சந்தித்தார், பொது இடத்தில் கண்கலங்கினார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அட்டையில் அது இருந்தால் அறை சிரிப்பில் போய்விடும். அவர் சட்டம் படித்தவர், 1944-லேயே வெளிநாட்டாருக்கு எண்ணெய்ச் சலுகை பேசுவதைத் தடுக்கும் சட்டத்தை மஜ்லிஸில் கொண்டுவந்தவர். அதைச் சொன்னால் போதும்.

லண்டன் மேசை: பிரதமர் அட்லி, வெளியுறவு அமைச்சர் மோரிசன், நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், பாதுகாப்பு அமைச்சர் ஷின்வெல், எரிபொருள் அமைச்சர் நோயல்-பேக்கர், தூதுக்குழுத் தலைவர் ஸ்டோக்ஸ், தரைப்படைத் தலைவர் ஸ்லிம், தெஹ்ரான் தூதர் ஷெப்பர்ட், நிறுவனத் தலைவர் வில்லியம் ஃப்ரேசர். ஷெப்பர்ட் இந்த அறையில் உட்காரக் கூடாது. தனி மேசை, தந்தி மட்டும்.

ஃப்ரேசரின் அட்டைக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அரசு பெரும்பான்மைப் பங்குதாரர் என்றதும் நிறுவனமும் அரசும் ஒன்றென்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நடைமுறையில் அன்றாட நிர்வாகத்தில் அரசு கைவைக்கவில்லை, ஃப்ரேசரும் அமைச்சர்கள் சொல்வதையெல்லாம் கேட்கிறவர் அல்ல. அவருடைய நிறுவனத்துக்குக் குவைத் எண்ணெயில் சரிபாதி, ஈராக் பெட்ரோலியம் கம்பெனியில் கிட்டத்தட்ட கால்பங்கு. இதை அவர் அட்டையில் மட்டும் எழுதுங்கள், அதோடு இரண்டு விளைவுகளையும்: ஈரானுக்கு விட்டுக்கொடுப்பதை நாளை ஈராக்கும் குவைத்தும் கேட்கும், ஈரானிய எண்ணெய் நின்றால் குவைத் கிணறுகளைத் திறந்துவிடலாம். கெய்ட்ஸ்கெலின் அட்டையில் வேறு கவலை: பவுண்டில் வாங்கும் எண்ணெய் போனால் டாலர் கொடுத்து வாங்க வேண்டும். ஒரே அறையில் இந்த இருவரும் ஒரே பக்கம் பேச மாட்டார்கள்.

தெஹ்ரான் மேசையில் மொசாதெக், நிதியமைச்சர், வெளியுறவு அமைச்சர் காசெமி, எண்ணெய் ஆலோசகர் ஹசீபி, அபாதானில் நிர்வாகத்தைக் கைக்கொண்ட குழுவின் பஸர்கான், மஜ்லிஸ் உறுப்பினர் மக்கி, ஆயத்துல்லா காஷானி, அரசவை அமைச்சர் ஹுசைன் அலா, இளம் ஷா. ஷாவின் அட்டையில் அதிகாரத்தைக் குறைத்தே எழுத வேண்டும். பின்னாளில் அவர் என்னவானார் என்று தெரிந்த மாணவர் முதல் நிமிடத்திலேயே பிரதமரை நீக்கப் பார்ப்பார். 1951-இல் மஜ்லிஸும் தெருவும் மொசாதெக் பக்கம். நாட்டுடைமைக்கு எதிராகப் பேசிய பிரதமர் ரஸ்மாரா மார்ச் 7 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். மார்ச் 15 மஜ்லிஸும் 20 மேலவையும் சட்டத்தை நிறைவேற்றின. தெஹ்ரான் அட்டைகள் அனைத்திலும் நான்காம் பகுதிக்கு இந்தத் தேதிகளே போதும்.

வாஷிங்டனுக்கு வெளியுறவுச் செயலர் அச்சிசன், அவருடைய துணைச் செயலர் மெக்கீ, அதிபரின் தூதர் ஹாரிமன். இவர்கள் சமரசத் தரகராக மட்டும் ஒதுங்கிவிடாதபடி இரண்டு பயங்களை அட்டையில் வையுங்கள். பேச்சு முறிந்தால் ஈரானிய கம்யூனிஸ்டுகளின் துதே கட்சி வளரும். ஈரான் ஒப்பந்தத்தைத் தூக்கியெறிந்தும் லாபம் பார்த்தால் வெனிசுவேலாவும் சவுதியும் அதையே செய்யும். கொரியப் போர் வேறு நடந்துகொண்டிருக்கிறது.

மூன்றாம் வாரம்: சட்டமும் ரசீதும்

நாட்டுடைமையை எப்படி நிறைவேற்றுவது என்று சொல்லும் ஒன்பது பிரிவு நடைமுறைச் சட்டத்தை வரிவரியாக வாசிக்க வையுங்கள். அவசரத்தில் தவறவிடுவது இரண்டு பிரிவுகள். ஒன்று, இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்காக வருவாயில் 25 சதவீதம் வரை வங்கியில் ஒதுக்கலாம் என்பது. இன்னொன்று, பழைய வாடிக்கையாளர் முன்பு வாங்கிய அளவைச் சர்வதேச விலையில் தொடர்ந்து வாங்கலாம் என்பது. இவற்றைப் படிக்காத லண்டன் அறை "ஈரான் திருடுகிறது" என்று பேசும், படித்த அறை "எதற்கு இழப்பீடு?" என்று கேட்கும். இருக்கும் ஆலைக்கும் குழாய்க்கும் மட்டுமா, அல்லது 1993 வரை வந்திருக்கக்கூடிய 42 ஆண்டு லாபத்துக்குமா? தெஹ்ரான் முதலாவதைத் தர ஆயத்தம். இரண்டாவதற்கு ஒத்துக்கொண்டால் நாட்டுடைமை என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

முதல் அமர்வு ரசீதிலிருந்து தொடங்கட்டும். ஜூன் மாதம், அபாதானில் எண்ணெய் ஏற்றும் கப்பல் தலைவர்கள் ஒவ்வொருவரும் சரக்கு தேசிய ஈரானிய எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்று ஒப்புக்கொண்டு ரசீது தர வேண்டுமென்று தெஹ்ரான் கேட்டது. கால்பக்கத் தாளில் மூன்று வரி: கப்பல் பெயர், டன் அளவு, "தேசிய ஈரானிய எண்ணெய் நிறுவனத்திடமிருந்து பெற்றுக்கொண்டேன்". கையெழுத்துக்கு ஒரு கோடு. ஃப்ரேசர் முன் அதை வைத்து ஐந்து நிமிடம் கொடுங்கள்.

ஒரு கையெழுத்துக்கு இத்தனை ரகளையா என்றுதான் முதலில் தோன்றும். பிறகு லண்டன் அறையில் யாராவது கேட்பார்: நாளை இந்த எண்ணெயை இத்தாலியிலோ ஏடனிலோ ஒருவர் வாங்கினால், அது நம்முடையது என்று எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பது? கையெழுத்து விழுந்தால் வழக்கு விழுந்தது. நிறுவனம் மறுத்தது, கப்பல்கள் வெறுமையாகத் திரும்பின, சேமிப்புத் தொட்டிகள் நிரம்பின, ஜூலை முடியும் தறுவாயில் உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு ஆலை நின்றுபோனது. வகுப்பில் ஃப்ரேசர் கையெழுத்திட்டுவிட்டால் கட்டுப்பாட்டு மேசை தலையிட வேண்டாம். அடுத்த தந்தியிலேயே பாக்தாதிலிருந்தும் குவைத்திலிருந்தும் அதே மாதிரி ரசீதுத் தாள்களை அனுப்பிவையுங்கள்.

அமர்வு ஓட்டம்

முதல் அமர்வு ஜூன் முதல் ஆகஸ்டு வரை. ஏழு நிமிடம் ஒரு வாரம். இரண்டாம் அமர்வு செப்டம்பர் மட்டும், அங்கே 20 நிமிடம் ஒரு வாரம். அறைகளுக்கிடையே நேரடிப் பேச்சு கிடையாது, தந்திச் சீட்டுதான். ஒரு சீட்டில் 60 சொல்லுக்கு மேல் கூடாது, கட்டுப்பாட்டு மேசை எட்டு நிமிடம் கழித்தே கொடுக்கும். கார்பன் வைத்து மூன்று படி, வரிசை எண்ணுடன். எண் போடாமல் விட்டால் பிந்தைய கலந்துரையாடலில் "நாங்கள் முன்பே சொன்னோமே" என்ற சண்டையைத் தீர்க்க வழியிருக்காது. கைப்பேசிகளை ஒரு பெட்டியில் போட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் எட்டு நிமிடத் தாமதம் வெறும் பேச்சு.

கட்டுப்பாட்டு மேசை நேரம் பார்த்து விடும் செய்திச் சீட்டுகள்: ஜூலை 5, சர்வதேச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை; தெஹ்ரான் ஏற்கவில்லை. ஜூலை 15, ஹாரிமன் வந்திறங்கிய நாளில் தெஹ்ரானில் கலவரம், உயிரிழப்பு. ஆகஸ்டு 13, ஸ்டோக்ஸின் எட்டு அம்சத் திட்டம். செப்டம்பர் 10, ஈரானின் பவுண்டு இருப்பை டாலராக மாற்றும் வசதியை லண்டன் நிறுத்துகிறது. செப்டம்பர் 19, பிரித்தானியப் பொதுத்தேர்தல் அக்டோபர் 25 என்று அறிவிப்பு. செப்டம்பர் 25, மீதமுள்ள பிரித்தானிய ஊழியர்கள் வெளியேற உத்தரவு.

ஆகஸ்டு 13 சீட்டுதான் பாதிப் பங்கு பொறியின் நடு. ஸ்டோக்ஸின் திட்டம் நாட்டுடைமையை ஏற்றது, லாபத்தைச் சமமாகப் பிரித்தது. ஆனால் ஏற்றுமதி எண்ணெயை வாங்க ஒரு தனி அமைப்பு, ஆலையையும் கிணறுகளையும் நடத்த இன்னொன்று. இரண்டும் நடைமுறையில் பிரித்தானியக் கையில். கடைசியில் பேச்சு பிரித்தானியப் பொது மேலாளர் வேண்டும் என்ற இடத்தில் வந்து நின்றது. மொசாதெக் பேச ஒத்துக்கொண்டது மூன்று பொருள் மட்டும்: எண்ணெய் விற்பனை, இழப்பீடு, தொழில்நுட்ப ஊழியர்களின் வேலை. அந்த மாதம் முடிவதற்குள் ஸ்டோக்ஸ் ஊர் திரும்பிவிட்டார்.

வகுப்பில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரு தரப்பும் "பாதிக்குப் பாதி" என்று ஒத்துக்கொண்டதும் கட்டுப்பாட்டு மேசை ஒரு தாளைக் கொடுக்கட்டும். ஐந்து வெற்றிடம், பத்து நிமிடத்தில் நிரப்ப வேண்டும்: எந்த விலையில் கணக்கிடும் லாபம்? கணக்கைத் தணிக்கை செய்வது யார்? ஆண்டு உற்பத்தியைத் தீர்மானிப்பது யார்? ஆலை மேலாளரை நியமிப்பது யார்? பிரித்தானியக் கடற்படைக்கான சலுகை விலை தொடருமா? முதல் வெற்றிடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடும். வாங்குகிறவரும் நடத்துகிறவரும் ஒருவரே என்றால் விலையைக் குறைத்து எழுதிப் பாதி லாபத்தை எவ்வளவு சிறியதாகவும் ஆக்கலாம் என்பதைத் தெஹ்ரான் மாணவர் அங்கேதான் பார்ப்பார்.

படையனுப்பும் ஆசை

இரண்டாம் அமர்வில் லண்டன் அறைக்குப் படை நினைப்பு கட்டாயம் வரும். தடை போடாதீர்கள், ஸ்லிம்மின் அட்டை வேலை செய்யட்டும். அபாதான் ஒரு தீவு, கைப்பற்றலாம். ஆனால் எண்ணெய் வயல்கள் உள்நாட்டில், மலையடிவாரத்தில். ஆலையைப் பிடித்தால் அதற்குள் ஊற்ற எண்ணெய் எங்கிருந்து? முன்பு இந்தப் பக்கத்துக்குப் படை என்றால் இந்தியாவிலிருந்து வரும். 1947-க்குப் பின் அது இல்லை. 1921-இன் ஈரான்–சோவியத் ஒப்பந்தப்படி, மூன்றாம் நாடு ஈரானைத் தளமாக்கி அச்சுறுத்தினால் சோவியத் படை உள்ளே வர இடமுண்டு. இதற்கெல்லாம் மேல், வாஷிங்டன் துணைநிற்காது.

எதிர்ப்பக்க வாதமும் பலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விவாதம் சப்பென்றிருக்கும். அது ஷின்வெலின் அட்டையில்: இதை விட்டால் அடுத்து எகிப்து சூயஸ் கால்வாயில் கைவைக்கும். மோரிசனும் கடுமை காட்டவே விரும்பியவர். உண்மையில் செப்டம்பர் 27 அமைச்சரவையில் அட்லி, அமெரிக்க நிலைப்பாட்டைக் காட்டி, படை வேண்டாமென்ற முடிவுக்குக் கொண்டுவந்தார், விவகாரம் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலுக்குப் போனது. அக்டோபர் முதல் வாரத்தில் ஊழியர்கள் 'மொரீஷியஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் வெளியேறினார்கள்.

எல்லாத் தாளிலும் தேதி வரம்பு 1951 செப்டம்பர் 27. அதற்குப் பின் நடந்த எதையும் சொல்பவருக்கு ஒரு சுற்று பேச அனுமதி இல்லை. மொசாதெக்கை வீழ்த்திய 1953 ஆகஸ்டு ஆட்சிக்கவிழ்ப்பு பலருக்கும் தெரிந்திருக்கும். அது மேசைக்கு வந்தால் தெஹ்ரான் அறை சதிக்கு அஞ்சியே முடிவெடுக்கும். அதைவிட நுட்பமான கசிவு குவைத். ஈரானிய எண்ணெய் இல்லாமலும் உலகம் சமாளித்துவிட்டது என்பது பின்னால் தெரிந்த சேதி. 1951 கோடையில் தெஹ்ரானின் கணக்கு வேறு: உலக உற்பத்தியில் ஈரான் சுமார் 6 சதவீதம்தான், ஆனால் மத்திய கிழக்கு எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதற்கும் மேலாக ஆலை. கச்சா எண்ணெய்க்கு மாற்று கிடைத்தாலும் விமான எரிபொருளுக்கு உடனே கிடைக்காது. இந்தியாவும் தன் பெட்ரோலியப் பொருள்களுக்கு அபாதானைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. டிராம்பே, விசாகப்பட்டினம் ஆலைகளுக்கான ஒப்பந்தங்கள் அந்த ஆண்டு முதல் ஒவ்வொன்றாகக் கையெழுத்தானதில் இதற்கும் பங்குண்டு.

அமர்வுக்குப் பின்

ஒரு நாள் இடைவெளி விட்டு 45 நிமிடம் ஒதுக்குங்கள். மதிப்பெண்ணில் பாதி, ஒவ்வொரு அறையும் எழுதிய முடிவுக் குறிப்புக்கு: என்ன முடிவு, எந்தத் தாளின் அடிப்படையில், எதை இழக்கத் துணிந்து. பேச்சுத் திறமைக்கு மதிப்பெண் வைத்தால் அட்டையை மறந்து மேடைப்பேச்சு பேசுவார்கள். மீதிப் பாதியில் தந்திகளின் தெளிவும் கணக்கின் சரியும் வரட்டும்.

அப்போது மட்டும் பின்கதையைத் திறக்கலாம். 1952 ஜூலை 22 அன்று சர்வதேச நீதிமன்றம் தனக்கு இதில் அதிகாரமில்லை என்று 9–5 என்ற கணக்கில் சொன்னது. பிரித்தானிய நீதிபதி மெக்நேரும் அந்த ஒன்பதில் ஒருவர். 1954-இல் ஈரானிய எண்ணெயை எடுத்து விற்க நிறுவனங்களின் கூட்டமைப்பு வந்தது: பழைய நிறுவனத்துக்கு 40 சதவீதம், அமெரிக்க நிறுவனங்களுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சு நிறுவனத்துக்கு 6. ஈரானோடு லாபப் பிரிப்பு பாதிக்குப் பாதி. மாணவர்கள் முதல் அரைமணியில் தொட்ட அதே எண் மூன்று ஆண்டும் ஓர் ஆட்சிக்கவிழ்ப்பும் கழித்து வந்திருக்கிறது. அந்த ஐந்து வெற்றிடத் தாளை மறுபடி கொடுத்து, 1954-இல் ஒவ்வொன்றையும் யார் நிரப்பியிருப்பார் என்று எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது முறை நடத்துகிறவர்களுக்கு இலங்கை 1961–65 நல்ல மாற்று. அங்கே கிணறும் ஆலையும் இல்லை, விநியோகம் மட்டும். அரசு பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் அமைத்து ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் உடைமைகளை எடுத்தது. இழப்பீடு தீராததால் 1963 பிப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1965-இல் டட்லி சேனாநாயக்க அரசு இழப்பீட்டுக்கு உடன்பட்டது. அட்டைகள் 14 போதும், ஓர் அமர்வில் முடியும். கணக்குத் தாளில் ஷில்லிங்குக்குப் பதில் ரூபாய் என்பதால் வகுத்தல் பிழையும் வராது.